ஊர்ப்பக்கம் முதியோர் ஹோம் பார்ப்பது எப்படி: டவுன் பஸ் தூரத்துக்குள் தேடுங்கள்

மூன்று மாதத்துக்கு ஒருதரமாவது யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள். "அண்ணே, அம்மா பாத்ரூம்ல விழுந்துட்டாங்க, ஊர்ப்பக்கம் நல்ல ஹோம் ஏதாவது தெரியுமா?" என்று ஆரம்பிக்கும். ஒவ்வொருத்தருக்கும் போனில் முக்கால் மணி நேரம் சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக ஒரேயடியாக எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இது. நான் சமூகசேவகன் இல்லை, டாக்டரும் இல்லை. கோயம்புத்தூரில் வேலை, சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம், அம்மாவுக்கு 79 வயது. ஹோம் தேடி ஒருமுறை தப்பாக முடிவெடுத்து, அப்புறம் திருத்திக்கொண்டவன், அவ்வளவுதான் என் தகுதி.

எங்கள் தெருவில் 23 வீடு. அதில் ஒன்பதில் அறுபதைத் தாண்டியவர்கள் மட்டும் இருக்கிறார்கள், மூன்று பூட்டிக் கிடக்கிறது. உங்கள் ஊரிலும் எண்ணிப் பாருங்கள், பெரிய வித்தியாசம் இருக்காது. 2021ல் தமிழ்நாட்டில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் 13.6 சதவீதம் என்றும், 2031ல் இது 18.2 ஆகிவிடும் என்றும் மத்திய அரசின் கணிப்பு சொல்கிறது. பெரிய மாநிலங்களில் கேரளாதான் நமக்கு முன்னால் போகிறது. பிள்ளைகள் திருப்பூர், சென்னை, துபாய் என்று போய்விட்ட கிராமங்களில் இந்தக் கணக்கு இன்னும் கூடத்தான் இருக்கும். ஆக, இன்றைக்கு உங்கள் அம்மாவுக்குத் தேடுகிறீர்கள், இன்னும் இருபது வருஷத்தில் உங்களுக்கே தேட வேண்டியிருக்கும், அந்த எண்ணத்தோடு படியுங்கள்.

முதலில், ஹோம் வேண்டுமா என்று பாருங்கள்

விழுந்த அன்றைக்கு முடிவெடுக்காதீர்கள். பயத்தில் எடுக்கிற முடிவு அது. ஒரு வாரம் லீவு போட்டு வீட்டில் போய் உட்கார்ந்து பாருங்கள். தானாகக் குளிக்கிறார்களா, கக்கூஸ் போய்வர முடிகிறதா, உடை மாற்றிக்கொள்கிறார்களா, படுக்கையிலிருந்து எழுந்து நடக்கிறார்களா, தட்டில் போட்டதை எடுத்துச் சாப்பிடுகிறார்களா. கூடவே, அடுப்பை அணைக்க மறக்கிறார்களா, ராத்திரி கதவைத் திறந்து வெளியே போய்விடுகிறார்களா. கடைசி இரண்டும் இருந்தால் மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் தனியே விடக்கூடாது.

சமையலும் மாத்திரையும் மட்டும்தான் பிரச்சினை என்றால் வீட்டிலேயே சமாளிக்கலாம். பக்கத்து வீட்டு மதினி யாராவது இரண்டு வேளை ஆக்கிக் கொடுக்க, அதற்கு மாதம் ஒரு தொகையை வெட்கப்படாமல் பேசிக் கொடுத்துவிட வேண்டும். சும்மா செய்யச் சொன்னால் மூன்றாம் மாதம் மனஸ்தாபம் வரும். பிரஷர், சுகர் மாத்திரைக்கு மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ஆரம்பித்தது, இப்போது எல்லாக் கிராமத்துக்கும் அந்தத் திட்டம் உண்டு. பிசியோதெரபியும், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான வலிநிவாரணக் கவனிப்பும் அதில் சேர்த்தி, ஆனால் கேட்டால்தான் வருவார்கள், கிராம செவிலியரிடம் பெயரைப் பதிந்து வையுங்கள். ரேஷனுக்கு 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம், வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்கு அரிசி பருப்பு வாசலுக்கே வருகிறது. பென்ஷன்காரர் என்றால் உயிர்வாழ் சான்றுக்கு தபால்காரரே வீட்டுக்கு வந்து விரல்ரேகை எடுத்துக்கொள்கிறார், சின்னக் கட்டணம்தான்.

இதெல்லாம் பகலுக்கு. ராத்திரி யார் என்ற கேள்விக்கு ஊரில் பதில் இல்லை என்றால்தான் ஹோம். என் அனுபவத்தில் ஹோமுக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் ராத்திரிக்காகப் போகிறவர்கள்.

நான் செய்த தப்பு

அம்மாவுக்கு இடுப்பில் அடிபட்டு ஆபரேஷன் ஆன பிறகு, கோயம்புத்தூரில் என் வீட்டிலிருந்து இருபது நிமிஷத்தில் ஒரு ஹோமில் சேர்த்தேன். பெயர் வேண்டாம். டைல்ஸ் பளபளவென்று இருந்தது, தோட்டம், டிவி ஹால், எல்லாம் உண்டு. கோயம்புத்தூர் சுற்றுவட்டாரத்தில் ரிட்டையர்மென்ட் குடியிருப்புகளுக்குக் குறைவே இல்லை, அவர்கள் வீட்டையே விலைக்கு விற்கிறார்கள், அது வசதியுள்ளவர்கள் உலகம். நான் சேர்த்தது மாதக் கட்டணம் கட்டுகிற இடம். வாரம் ஒருநாள் போய்ப் பார்த்தேன். எனக்கு வசதியாக இருந்தது, அதுதான் விஷயம், எனக்கு.

அம்மாவுக்கு அங்கே ஒருத்தரையும் தெரியாது. "ஏய்யா, இங்க யாரு என்ன பேசுதாங்கன்னே வெளங்கல, எல்லாரும் ஏனுங்க ஏனுங்கன்னுதாங்க" என்று முதலில் சிரித்துக்கொண்டு சொன்னாள். இரண்டாம் மாதம் சிரிப்பு நின்றது. ஐந்தாம் மாதம் பேச்சே குறைந்தது. டாக்டரிடம் காட்டினேன், மறதி நோயோ என்று பயந்து ஸ்கேன்கூட எடுத்தோம், ஒன்றும் இல்லை. ஊரில் பெரிய சித்தி இறந்துபோனதை நான் போய்ச் சொன்னபோது, "ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லல" என்றாள். யார் வந்து சொல்வார்கள்? சங்கரன்கோவிலிலிருந்து கோயம்புத்தூருக்கு வர ஒரு ராத்திரிப் பயணம்.

ஏழாம் மாதம் ஊரிலிருந்து 14 கிலோமீட்டரில் ஒரு ட்ரஸ்ட் நடத்துகிற சின்ன ஹோமுக்கு மாற்றினேன். சிமெண்ட் தரை, டிவி ஒன்றே ஒன்று, அதுவும் பாதி நாள் ஓடாது. ஆனால் வாசலில் டவுன் பஸ் நிற்கும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லையே, அது இப்படி உதவும் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை. சந்தைக்குப் போகிற பெண்கள் திரும்புகிற வழியில் இறங்கி ஒரு அரைமணி நேரம் அம்மாவோடு இருந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். யார் வீட்டில் மாடு கன்று போட்டது, யார் வீட்டுப் பெண்ணுக்கு வரன் வந்தது எல்லாம் எனக்கு இப்போது அம்மா சொல்லித்தான் தெரிகிறது.

அதனால் நான் எல்லாரிடமும் சொல்கிற முதல் விதி: ஹோமின் தூரத்தை உங்கள் வீட்டிலிருந்து அளக்காதீர்கள், அவர்கள் ஊரிலிருந்து அளந்து பாருங்கள். அதையும் கூகுள் மேப்பில் பார்க்காமல் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து அளக்க வேண்டும். ஒரே பஸ், முக்கால் மணிக்குள், கடைசி வண்டி ஆறு மணிக்குப் பிறகும் இருக்கிறதா என்று பாருங்கள். ஊர்க்காரர்கள் வந்துபோகிற ஹோமில் ஊழியர்களும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பார்கள், நான்கு பேர் பார்க்கிறார்களே. இதைவிட நல்ல கண்காணிப்பு கேமரா கிடையாது.

போனில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி

"படுத்த படுக்கை ஆகிவிட்டால் வைத்துக்கொள்வீர்களா?"

இதைத்தான் முதலில் கேட்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். நிறைய இடங்களில் நடமாட்டம் உள்ளவர்களைத்தான் சேர்ப்பார்கள். சேர்க்கும்போது உங்களுக்கு அது பெரிதாகத் தெரியாது, அம்மா நடக்கிறாளே. மூன்று வருஷம் கழித்து ஒருநாள் காலையில் போன் வரும், "சார், அம்மாவை வந்து கூட்டிட்டுப் போயிடுங்க". உதவி அதிகமாகத் தேவைப்படுகிற நேரத்தில் கையைவிட்டுவிடுகிற ஏற்பாடு அது. வைத்துக்கொள்வோம் என்று சொன்னால் அடுத்து, கூடுதல் கட்டணம் எவ்வளவு, டயப்பர் யார் வாங்குவது, அட்டெண்டர் தனியா பொதுவா என்று கேளுங்கள். இலவசமாக நடத்துகிற இல்லங்களிலும் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம். அரசு மானியத்தில் நடக்கும் இல்லங்கள் பெரும்பாலும் ஆதரவற்றவர்களுக்கானவை, பிள்ளைகள் இருந்தால் சேர்ப்பது கஷ்டம், பொய் சொல்லிச் சேர்த்துவிட்டு ஓடாதீர்கள். அப்படிச் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நேரில் போகும்போது

சொல்லாமல் போங்கள். சொல்லிவிட்டுப் போனால் பினாயில் வாசனையும் சிரித்த முகமும்தான் கிடைக்கும். காலை பதினொரு மணிக்கு ஒருமுறை, இன்னொரு நாள் ராத்திரி ஏழரைக்கு ஒருமுறை. ராத்திரி விடமாட்டோம் என்றால் அந்த ஹோம் வேண்டாம், அவ்வளவுதான்.

ஆபீஸ் அறையில் உட்காராதீர்கள். நேராகக் கழிப்பறைக்குப் போங்கள், கை கழுவ வேண்டும் என்று கேட்டால் மறுக்க மாட்டார்கள். உட்காரும் கோப்பை இருக்கிறதா, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, தரை ஈரமாக இருக்கிறதா, கட்டிலிலிருந்து எத்தனை அடி நடக்க வேண்டும், நடுவில் படி உண்டா. எங்கள் பக்கம் பழைய வீட்டை ஹோமாக மாற்றுகிறவர்கள் கழிப்பறையைப் பின்வளவில் அப்படியே விட்டுவிடுகிறார்கள், மழைக்காலத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு கிழவி அங்கே போய்வருவதை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் ஆட்களைப் பாருங்கள். கால் நகம் வெட்டியிருக்கிறதா. குதிகால், இடுப்புப் பக்கம் புண் இருக்கிறதா என்று நீங்கள் பார்க்க முடியாது, ஆனால் ஊழியரிடம் "எத்தனை மணிக்கு ஒருதரம் திருப்பிப் போடுவீங்க?" என்று கேட்கலாம். இரண்டு மணிக்கு ஒருதரம் என்று யோசிக்காமல் பதில் வந்தால் வேலை தெரிந்தவர். "அதெல்லாம் பார்த்துக்குவோம்" என்றால் தெரியாதவர். கட்டிலுக்குப் பக்கத்தில் கை எட்டுகிற தூரத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள், இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் ராத்திரி எழுந்து போக வேண்டியிருக்கும் என்று வயதானவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள், அப்புறம் மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, குழப்பம் என்று ஒவ்வொன்றாக வரும்.

மெனு கார்டு ஒட்டியிருப்பார்கள், அதை விட்டுவிட்டுத் தட்டைப் பாருங்கள். பல்லில்லாதவருக்கு என்ன கொடுக்கிறார்கள், சுகர் இருப்பவருக்கும் அதே வெள்ளைச் சோறுதானா. ராத்திரிச் சாப்பாடு ஐந்தரைக்கே முடிந்துவிடுகிற இடங்கள் உண்டு, ஊழியர்கள் வீட்டுக்குப் போக வேண்டுமே. மறுநாள் காலை எட்டு வரை பதினாலரை மணி நேரம் வெறும் வயிறு. சுகர் மாத்திரை போடுகிறவருக்கு இது ஆபத்து, நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

சாதி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், எழுதுகிறவர்கள் எல்லாம் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் போன ஒரு இடத்தில் "நீங்க என்ன ஆளுக?" என்று விண்ணப்பம் கொடுக்கும் முன்னாடியே கேட்டார்கள். எழுந்து வந்துவிட்டேன். சாப்பாட்டுப் பந்தியில் எல்லாரும் ஒன்றாக உட்காருகிறார்களா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

இறப்பைப் பற்றியும் கேளுங்கள். நாக்கு எழாது, ஆனாலும் கேளுங்கள். ராத்திரி உடம்புக்கு முடியாமல் போனால் 108 கூப்பிட்டு எந்த ஜி.எச்.சுக்குக் கொண்டுபோவார்கள், கூட யார் போவார்கள், யாருக்கு முதலில் போன் வரும். ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் என்ன ஏற்பாடு. அம்மாவிடமே கேட்டேன், அவள் பாட்டுக்கு, "நம்ம வீட்டுத் தார்சாவுல (வீட்டு முன்பகுதியில்) கொண்டாந்து போட்டுருங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையைக் கிள்ள ஆரம்பித்துவிட்டாள். நான்தான் எழுந்து வெளியே போனேன்.

காகித வேலை

ஹோம் பதிவு பெற்றதா என்று மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். சான்றிதழை நகல் எடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். டெபாசிட் கொடுத்தால் ரசீது, திரும்பத் தருவார்களா என்பது எழுத்தில். "வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொள்கிறோம், நிலத்தை ட்ரஸ்ட் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று எந்த இடத்தில் சொன்னாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

நிலம் என்றதும் இன்னொன்று. ஊரில் நடப்பது என்னவென்றால் அம்மா அப்பா வீட்டை ஒரு பிள்ளைக்குத் தானசெட்டில்மென்ட் எழுதிக் கொடுப்பார்கள், அவன் பார்த்துக்கொள்வான் என்று வாய்ப்பேச்சு, பத்திரத்தில் ஒரு வரி இருக்காது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007ல் 23வது பிரிவு இருக்கிறது, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்ய முடியும். அந்த நிபந்தனை இருந்ததா இல்லையா என்பதிலேயே வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. வம்பே வேண்டாம், "உணவு, இருப்பிடம், மருத்துவம் கொடுத்துப் பராமரிக்க வேண்டும்" என்று பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத்தர் முகத்தைச் சுளிப்பார், பரவாயில்லை.

அதே சட்டத்தில் பெற்றோர் கோட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்தால் போதும், வக்கீல் வேண்டாம், பிள்ளைகளிடமிருந்து மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிடலாம், 90 நாளில் முடிக்க வேண்டும், தவிர்க்க முடியாவிட்டால் இன்னும் 30 நாள். எந்தச் சந்தேகத்துக்கும் 14567 என்ற எண், முதியோர் உதவி எண், கட்டணமில்லை. அதைப் பெரிய எழுத்தில் எழுதி போன் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

முதியோர் உதவித்தொகை (2023ல் அது மாதம் 1,200 ரூபாய் ஆனது) வாங்குகிறவர் என்றால், ஹோமுக்குப் போன கையோடு ஆதார் முகவரியை மாற்றிவிடாதீர்கள். ரேஷன் கார்டு, உதவித்தொகை, ஓட்டு எல்லாம் ஊரோடு கட்டப்பட்டிருக்கிறது. ஆறு மாதம் இருந்து பழகட்டும், அப்புறம் தாசில்தார் ஆபீஸில் விசாரித்துவிட்டுச் செய்யுங்கள். பேங்க் கணக்கில் யார் போன் நம்பர் இருக்கிறது என்றும் பாருங்கள், ஹோம் ஊழியர் நம்பராக அது இருக்கக்கூடாது.

அண்ணன் தம்பி அக்கா தங்கை பணம் பிரிப்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். எங்களுக்கு மாதம் 12,000 ஆகிறது, மருந்து தனி. நான் ஆறு, அண்ணன் நான்கு, அக்கா இரண்டு. அக்கா பணம் குறைவாகக் கொடுத்தாலும் மாதம் இரண்டுதரம் போய்த் தலைக்குக் குளிப்பாட்டிவிட்டு வருகிறாள், நியாயமாகப் பார்த்தால் அவள் பங்குதான் பெரிது.

சேர்த்த பிறகு

முதல் மாதம்தான் கஷ்டம். புதுச் சாமான் வாங்கிக் கொடுக்காதீர்கள், பழையதை எடுத்துப் போங்கள். அம்மா தன் செம்பையும் வெற்றிலை உரலையும் கேட்டாள். உரல் சத்தம் மற்றவர்களுக்குத் தொந்தரவு என்று ஹோமில் முதலில் முணுமுணுத்தார்கள், இப்போது பக்கத்துக் கட்டில் பாட்டி தன் வெற்றிலையையும் அதில்தான் இடித்து வாங்கிக்கொள்கிறாள். சாயங்காலம் நாலு மணியானால் டொக் டொக் என்று அந்தச் சத்தம் கேட்கும், இரண்டு கிழவிகளும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

போன் பேச நேரம் குறித்துக்கொள்ளுங்கள். ஊர்க் கோவில் கொடைத் திருவிழாவுக்கும் ஆடித்தபசுத் திருவிழாவுக்கும் எப்படியாவது கூட்டிப் போங்கள், ஹோமில் சேர்த்துவிட்டதால் ஊரிலிருந்து பெயரை வெட்டிவிட்டதாக நினைக்கக்கூடாது. கொடைக்கு வரி வாங்க வருகிறவர்களிடம் அம்மா பெயரில் வரி கொடுத்து ரசீதை அம்மாவிடம் கொடுங்கள்.

ஊரிலேயே ஒன்று வைக்க நினைப்பவர்களுக்கு

இதைக் கேட்டும் சிலர் கூப்பிடுகிறார்கள். எனக்குத் தெரிந்து கிராமத்துக்குச் சரிப்பட்டு வரப்போவது இதுதான், ஆறு முதல் பத்துப் பேர் இருக்கிற சின்ன வீடு. மேலே சொன்ன அந்த 2007 சட்டம் மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது, குறைந்தது 150 ஆதரவற்ற முதியோருக்கு என்று சொல்கிறது. அது தேவைதான், ஆனால் மாவட்டத் தலைநகரில் 150 பேர் இருக்கிற கட்டடத்துக்கு எங்கள் ஊர்ச் சந்தைப் பெண்கள் போக மாட்டார்கள். 2025-26 பட்ஜெட்டில் 25 அன்புச்சோலை பகல்நேர மையங்கள் அறிவித்தார்கள், நல்ல யோசனை, ஆனால் அது பெரிய ஊர்களை மனதில் வைத்துச் செய்தது. கிராமத்துக்கு முன்மாதிரி வேண்டுமென்றால் கடலூர் பக்கம் தாமரைக்குளத்தில் சுனாமிக்குப் பிறகு ஹெல்ப்ஏஜ் இந்தியா என்ற தொண்டு நிறுவனம் அமைத்த முதியோர் கிராமத்தைப் போய்ப் பாருங்கள். கேரளாவில் 1993ல் கோழிக்கோட்டில் ஆரம்பித்த வலிநிவாரணக் கவனிப்பு பின்னால் ஊர் ஊருக்குத் தன்னார்வலர்கள் வீடு தேடிப் போகிற ஏற்பாடாக வளர்ந்ததையும் விசாரித்துப் பாருங்கள்.

கட்டடத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள், எல்லாரும் அதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள், கல்வெட்டில் பெயர் போடுவதற்குள் சண்டை வந்துவிடும். மதியச் சாப்பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள். பூட்டிக் கிடக்கிற ஒரு வீட்டை வாடகைக்குக் கேளுங்கள், சுயஉதவிக் குழுப் பெண்கள் இரண்டு பேருக்குச் சம்பளம் பேசி, தனியாக இருக்கிற பத்துப் பேருக்கு ஒரு வேளை சூடான சோறு. ஆறு மாதம் அது ஓடினால் யார் வருகிறார்கள், யாரால் வர முடியவில்லை, யாருக்கு ராத்திரித் துணை வேண்டும் என்று உங்களுக்கே பட்டியல் கிடைத்துவிடும். அந்தப் பட்டியலோடு கிராமசபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கூட்டம் உண்டு. தெருவிளக்கு, குடிநீர் எழுதுகிற அதே நோட்டில் இதையும் தீர்மானமாக எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள், சமூகநல அலுவலகத்துக்கும் மானியத்துக்கும் அந்த நகல்தான் கைப்பிடி.

ராத்திரி வேலைக்கு ஆள் கிடைப்பதுதான் கடைசியில் இடிக்கும். பகல் சம்பளத்தைவிடக் கூடக் கொடுக்க வேண்டும், இரண்டு பேராகப் போட வேண்டும், ஒருத்தரைத் தனியாக விட்டால் கட்டிலிலிருந்து விழுந்தவரைத் தூக்க முடியாது. எங்கள் ஊரில் மதியச் சாப்பாடு போன தையிலிருந்து ஓடுகிறது, பதினொரு பேர் சாப்பிடுகிறார்கள். ராத்திரிக்கு ஒரு ஆள் கிடைத்திருக்கிறார், விதவை, ஐம்பத்திரண்டு வயது, தன் மாமியாரை நான்கு வருஷம் பார்த்தவர். இரண்டாவது ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறோம். கிடைத்த மறுநாள் அம்மாவை அந்தப் 14 கிலோமீட்டரிலிருந்தும் கூட்டி வந்துவிடுவேன், உரலோடு. பக்கத்துக் கட்டில் பாட்டியும் வருவாளா என்று கேட்கச் சொல்லியிருக்கிறாள் அம்மா.